பெயரைக் கேட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்கிறது

கேள்வி இதுதான்: "வயது 23. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. எழுத்துத் தேர்வில் எல்லாம் தேறிவிடுகிறேன், நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் என் பெயரிலேயே திக்கி நின்றுவிடுகிறேன். இந்த ஒரு தடை இல்லையென்றால் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன். திக்குவாயை முழுசாகச் சரிசெய்துவிட்டு அப்புறம் வேலைக்கு முயற்சி பண்ணலாமா? பெயரை மாற்றிக்கொண்டால் உதவுமா?"

தம்பி, எனக்கு 47 வயது. நாலு வயதிலிருந்து திக்குகிறேன், இன்று காலை மருந்துக்கடையில் 'தைலம்' கேட்கும்போதும் திக்கினேன். அதனால் திக்காமல் பேசுவது எப்படி என்று சொல்லித்தர நான் லாயக்கில்லை. திக்கிக்கொண்டே வேலை பார்ப்பது, சண்டை போடுவது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, இதெல்லாம் எப்படி என்று கொஞ்சம் தெரியும். பதினைந்து வருடமாக எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை கூடும் சின்னக் குழு ஒன்றில் இருக்கிறேன், அதில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் என்னைத் தைத்தது 'சரிசெய்துவிட்டு அப்புறம்' என்ற இடம். அதே வாக்கியத்தை நான் எனக்குள்ளே பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான பிறகு பேசலாம், சரியான பிறகு கல்யாணம், சரியான பிறகு புரமோஷன். கணக்குப் போட்டுப் பார்த்தால் திக்கியதால் நான் இழந்தது கொஞ்சம்தான், திக்கிவிடக் கூடாதே என்று ஒளிந்ததால் இழந்தது ரொம்ப அதிகம்.

ஒளிவது என்றால் என்னவென்று திக்காதவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கல்லூரி நாளில் கிண்டியில் பஸ் ஏறித் தாம்பரத்தில் இறங்க வேண்டும். எனக்குத் 'தா' வராது. கண்டக்டர் பக்கத்தில் வர வர நெஞ்சு அடித்துக்கொள்ளும், கடைசியில் "பெருங்களத்தூர் ஒண்ணு" என்று சொல்லிவிடுவேன். பெருங்களத்தூர் தாம்பரத்தைத் தாண்டி இருக்கிறது. கூடுதல் காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டு முன்னாலேயே இறங்குகிற ஆளை அந்தக் கண்டக்டர்கள் என்ன நினைத்தார்களோ. ஹோட்டலில் தோசை சாப்பிட ஆசையாக இருக்கும், வாய் இட்லி என்று சொல்லும். நான் தின்ற இட்லியில் பாதி வேண்டாத இட்லிதான். தெரிந்த பதிலைத் தெரியாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன்.

இப்படி ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை மாற்றி மாற்றிப் போட்டே ஓட்டிவிடலாம், சிலர் அதில் கில்லாடி, கூட வேலை பார்ப்பவர்களுக்கே தெரியாது. ஆனால் பெயரை மாற்றிப் போட முடியாது. பெயர், ஊர், போன் நம்பர், கம்பெனி பெயர் இதற்கெல்லாம் வேறு சொல் கிடையாது. அதனால்தான் உலகம் முழுக்கத் திக்குபவர்களில் மிகப் பலருக்குத் தன் பெயர்தான் ஆகக் கஷ்டமான சொல். என் பெயரும் 'த'வில்தான் ஆரம்பிக்கிறது, என்ன செய்ய. ஆகவே பெயரில் போய் நிற்பதை வைத்து "நமக்கு மட்டும் ஏதோ விசித்திரம்" என்று நினைக்க வேண்டாம்.

சரி, இது என்ன, ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் "பயந்த சுபாவம், அதான்" என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு, பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், திக்கல் வந்து போகிறது. அதில் பெரும்பகுதி தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத் தங்கிவிடுகிறது, அதிலும் ஒரு பெண்ணுக்கு நாலு ஆண் என்ற கணக்கு. ஏழு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற நம் மாநிலத்தில் அது சில லட்சம் பேர். அவர்களெல்லாம் எங்கே என்று கேட்டால், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 2010-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் டென்னிஸ் டிரேனா குழுவினர் பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். மூளை ஸ்கேன்களில் இடப்பக்கத்தில் பேச்சுக்கான பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் சற்று மாறுபட்டிருப்பதும் தெரிந்திருக்கிறது. சொல் மனதில் தயாராக இருக்கிறது, வாய்க்கு அது போய்ச் சேரும் நேரம் பிசகுகிறது, அவ்வளவுதான். பயத்தால் திக்கல் உண்டாவதில்லை, உண்டான திக்கலைப் பயம் கூட்டும். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் காலையில் எல்லாரோடும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்தை ஒரு பிசிறில்லாமல் பாடிய நான், பத்து நிமிடம் கழித்து வருகைப் பதிவில் 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாமல் கையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றேன். பாடும்போதும், கூட்டாகச் சொல்லும்போதும், கைக்குழந்தையிடமோ நாயிடமோ பேசும்போதும் பெரும்பாலும் திக்காது. "பாடும்போது வருதே, வேணும்னே பண்றான்" என்று சொன்ன வாத்தியார் ஒருவர் எனக்கும் இருந்தார்.

நாக்கு தடித்திருக்கிறது, குழந்தையில் வசம்பு தேய்க்கவில்லை, திக்குபவனைப் பார்த்துக் கிண்டல் பண்ணியதால் ஒட்டிக்கொண்டது, இவை எதுவும் காரணம் இல்லை. நாக்குதான் குற்றவாளி என்று நம்பி 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளின் நாக்கிலிருந்து ஆப்பு வடிவில் சதையை வெட்டியே எடுத்தார், அதுவும் மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில். வசம்போடு விட்டார்களே என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதுதான். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசும் பழைய கிரேக்கக் கதையை நம்பி முயற்சி செய்யாதீர்கள், தொண்டையில் சிக்கினால் ஆபத்து. திக்கலுக்கென்றே ஒப்புதல் பெற்ற மாத்திரையும் இதுவரை கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். டிப்ளமோ முடித்து ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். அந்த வேலையை விரும்பியா எடுத்தேன்? பேச வேண்டியதில்லை என்று எடுத்தேன். வேலை நன்றாகவே வந்தது, மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று பொய் சொல்லி மறுத்தேன், ஏனென்றால் மேற்பார்வையாளர் தினமும் காலையில் பத்துப் பேர் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை அந்த இடத்துக்கு வந்தவர் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்றிரவு மட்டும் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் "பத்தே நாளில் திக்குவாய் குணம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டி ஒரு மையத்தில் சேர்ந்தேன். விரலால் தொடையில் தட்டித் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எழுத்தாகப் பேசச் சொன்னார்கள். ஆச்சரியம், மூன்றாம் நாளே திக்கல் போய்விட்டது! பத்தாம் நாள் மேடையேறிப் பேசினேன், வீடியோ எடுத்தார்கள், அம்மா அழுதார். வீட்டுக்கு வந்த இருபதாவது நாள் எல்லாம் திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக. தாளத்துக்குப் பேசினால் யாருக்குமே திக்கல் குறையும், அது ஊன்றுகோல் மாதிரி, ஆனால் ரோபோ மாதிரி பேசிக்கொண்டு யாரும் வாழ்க்கை நடத்த முடியாது. இதுபோல் நாள் கணக்குப் போட்டு உத்தரவாதம் தருபவர்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

பிறகு 31 வயதில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரம்மாவிடம் போனேன். முதல் நாளே அவர் கேட்டார்: "திக்காம இருக்கணும்னு வந்திருக்கீங்களா, பேசணும்னு வந்திருக்கீங்களா?" இரண்டும் ஒன்றுதானே என்றேன். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வரும்போது ஐந்து கடைகளில் வேண்டுமென்றே திக்கிவிட்டு வரச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இந்த 'வேண்டுமென்றே திக்குவது' யாரோ விளையாட்டாகச் சொன்னதில்லை. இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகனில் வாழ்ந்த சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994). அவரே மோசமாகத் திக்கியவர், இளமையில் பேச்சைத் தவிர்க்கவே காது கேளாத ஊமையாக நடித்து ஒரு பண்ணையில் வேலை பார்த்திருக்கிறார். ஒருநாள் வழியில் தன்னைக் காரில் ஏற்றிக்கொண்ட ஒரு கிழவரிடம் பேசத் திணற, கிழவர் சிரித்திருக்கிறார். அவரும் திக்குபவர். உன் வயதில் நானும் இப்படித்தான் மல்லுக்கட்டினேன், இப்போது வயதாகிவிட்டது, சண்டை போடத் தெம்பில்லை, அதனால் சொற்களை அதன் போக்கில் கசிய விட்டுவிடுகிறேன் என்றாராம். திக்காமல் பேசுவதற்குப் பதிலாக, சிரமப்படாமல் திக்கக் கற்றுக்கொள்ளலாமே என்று வான் ரைப்பருக்கு அங்கேதான் பொறி தட்டியது, பின்னால் அதையே முறையான சிகிச்சையாக வளர்த்தார். அதே நாட்டில் ஜோசப் ஷீஹன் என்ற இன்னொரு திக்குவாய்க்கார உளவியலாளர் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறையோடு ஒப்பிட்டார். வெளியே கேட்பது நுனி, தண்ணீருக்கடியில் இருக்கும் வெட்கம், பயம், ஒளிவு இவைதான் பெரும் பாறை.

அந்தப் பாறை பேச்சுக் கோளாறே இல்லாதவர்களுக்கும் உண்டாகும் என்பதற்கு ஒரு கொடூரமான சாட்சி உண்டு. 1939-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி ஓர் அநாதை இல்லத்தின் 22 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் "உனக்குத் திக்கல் ஆரம்பிக்கிறது, சரியாகப் பேச முடிந்தால் மட்டும் பேசு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குழந்தைகள் திக்குவாயாக மாறிவிடவில்லை. ஆனால் பேசுவதையே குறைத்துக்கொண்டு ஒடுங்கிப் போனார்கள். 2001-இல் ஒரு பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது, 2007-இல் அயோவா அரசு 9,25,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது. "சரியாகப் பேச முடிந்தால் மட்டும் பேசு" என்பதையும் உங்களுடைய "சரிசெய்துவிட்டு அப்புறம்" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐந்து கடை வேலையை நான் மூன்றாவது வாரம்தான் செய்தேன். முதல் கடையில் "த-த-த-தக்காளி எவ்வளவு?" என்று வேண்டுமென்றே இழுத்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. கடைக்காரர் "கிலோ இருபது" என்றார். அவ்வளவுதான் நடந்தது. நான்காவது கடையில் ஒரு பையன் சிரித்தான், அதுவும் நடந்தது, நான் சாகவில்லை. இதில் என்ன இரகசியம் என்றால், இதுவரை நீங்கள் எதற்குப் பயந்து ஓடினீர்களோ அதை நீங்களே கூப்பிட்டு வரவழைக்கிறீர்கள், அப்போது பிடி உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் எனக்குத் திக்கல் எண்ணிக்கையில் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் சின்னதாகிவிட்டது. முன்பு எட்டு வினாடி அடைத்துக்கொண்டு கண்ணை மூடி, கழுத்தை வெட்டி, காலைத் தட்டி ஒரு சொல்லைத் துப்புவேன், அது ஒன்றிரண்டு வினாடியாக ஆனது.

அதற்கு உதவிய கைவேலை ஒன்று உண்டு, அதை எழுதிவிடுகிறேன். சொல் அடைத்துக்கொண்டால் நாம் எல்லாரும் செய்வது முட்டித் தள்ளுவது, அல்லது பின்வாங்கி "அது வந்து... வந்து..." என்று மறுபடி ஓடிவந்து மோதுவது. இரண்டும் வேண்டாம். அடைத்த இடத்திலேயே நில்லுங்கள். 'ப' என்றால் உதடு இரண்டும் இறுகியிருக்கும், 'த' என்றால் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும், 'க' என்றால் பின்நாக்கு. எங்கே இறுகியிருக்கிறது என்று கவனித்து, அந்த இடத்தை மட்டும் மெல்லத் தளர்த்தி, மூச்சோடு சொல்லை நழுவ விடுங்கள். எழுத்து கொஞ்சம் நீளும், நீளட்டும். அதையும் தவறவிட்டு முட்டித் தள்ளிவிட்டீர்களா, சொல்லி முடித்ததும் ஒரு நொடி நிறுத்தி அதே சொல்லைத் தளர்வாக இன்னொரு தடவை சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டுமென்றே திக்கிப் பழகினால்தான் இது பிடிபடும். ஒருவர் கூட இருந்து பார்த்துத் திருத்தினால் இன்னும் நல்லது, ஆகவே ஒரு பயிற்சியாளரிடம் போகத்தான் சொல்வேன். பெரிய அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டி இருப்பார்கள், மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, தனியாரிடம் போனால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். 'தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்' என்ற அமைப்பும் இருக்கிறது, திக்குபவர்களே நடத்துவது. சிகிச்சை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையும் வேலை தேடுவதும் ஒரே சமயத்தில் நடக்கட்டும், ஒன்றுக்காக மற்றது காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

இன்டர்வியூவுக்கு வருவோம். உள்ளே போய் உட்கார்ந்ததும், அவர்கள் முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே, நீங்களே சொல்லிவிடுங்கள்: "சார், எனக்குத் திக்கும். சில சொற்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஏதாவது புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள்." மூன்றே வாக்கியம். இதில் 'மன்னிக்கவும்' போடாதீர்கள், 'சின்ன வயதிலிருந்து இந்தக் குறை' என்று கதையும் சொல்லாதீர்கள், வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு நகருங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் என்று தெரிந்தால் ஆங்கிலத்தில் அதையே முன்கூட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாவிட்டால் என்ன ஆகிறது? முதல் அடைப்பில் அவர்கள் "பயப்படுகிறான், விஷயம் தெரியவில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களோ மூளையில் பாதியை மறைப்பதற்கும் மீதியைப் பதிலுக்கும் பங்கு போடுகிறீர்கள். சொல்லிவிட்டால் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. திக்கும்போது கண்ணைத் தரைக்குக் கொண்டுபோகாதீர்கள், கேட்பவரையே பாருங்கள். இது ரொம்பக் கஷ்டம், எனக்கு வருடக்கணக்கில் ஆனது.

அதற்கு முன்னால் ஒரு மாதம் போன் பேசிப் பழகுங்கள். போன்தான் நமக்கு எமன், முகம் தெரியாது, இந்தப் பக்கம் அடைப்பு வந்தால் அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்று வைத்துவிடுவார்கள். தினம் மூன்று அழைப்பு, கடைக்கு, கூரியருக்கு, கஸ்டமர் கேருக்கு, எங்கேயும் முதலில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். வைத்துவிட்டால் மறுபடி அடியுங்கள்.

எல்லாம் செய்தும் சில இடத்தில் திக்கலைக் காரணம் வைத்தே உங்களைக் கழிப்பார்கள், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்வது மாதிரி மனம் வைத்தால் எல்லாக் கதவும் திறக்காது. அவர்கள் சொல்லும் பட்டியலும் எனக்கு அலுப்பாக இருக்கும், ஆறாம் ஜார்ஜ் மன்னரைப் பார், ஹிருத்திக் ரோஷனைப் பார் என்று. மன்னருக்கு 1926-லிருந்து லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியர் பக்கத்திலேயே இருந்து பயிற்சி கொடுத்தார், நமக்கு இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்குப் பிடித்தவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட். 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரானவர், கடைசி வரை திக்கியவர். எப்போதுமே திக்குவீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, இல்லை, பேசும்போது மட்டும்தான் என்றாராம். அவர் திக்கலைத் தாண்டவில்லை, தூக்கிக்கொண்டே சட்டசபைக்குப் போனார்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். "மெதுவாப் பேசு", "மூச்சை இழுத்துக்கிட்டுச் சொல்லு" என்பதெல்லாம் அன்பாகச் சொல்வதுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் "நீ திக்குகிறாய், நான் பார்த்துவிட்டேன்" என்றுதான் நம் காதில் விழும். நீங்கள் திணறும் சொல்லை அவர்கள் முடித்து வைக்கவும் வேண்டாம். சும்மா காத்திருந்தால் போதும். என் மனைவிக்கு இதைச் சொல்ல எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆனது, சொன்ன அன்றிலிருந்து சரியாகச் செய்கிறார்.

மேற்பார்வையாளர் வேலை எனக்கு 36 வயதில் மூன்றாவது முறையாக வந்தது, எடுத்துக்கொண்டேன். முதல் நாள் காலைக் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது பதினோரு நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை, போக முடியாது, ஷிஃப்ட் நேரம்.

கடைசியாகப் பெயர் மாற்றம். அரசிதழில் விளம்பரம் கொடுத்து முறைப்படி மாற்ற முடியும், செய்தவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் 'க'வில் ஆரம்பித்த பெயரை விட்டுவிட்டு 'அ'வில் ஆரம்பிக்கும் பெயரை வைத்துக்கொண்டார், உயிரெழுத்து சுலபமாக வரும் என்று. இரண்டு மாதம் அருமையாக வந்தது. பிறகு அதுவும் அவருடைய பெயராகிவிட்டது, அதிலும் திக்க ஆரம்பித்தார். ஆதார், பான், சான்றிதழ் என்று அலைந்தது தனி. இப்போது எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பழைய பெயர் என்ன, புதுப் பெயர் என்ன என்று கேட்கிறார்கள், இரண்டையும் திக்கித்தான் சொல்கிறார்.